நோயாளி பிசாயா பேசுவார்

"பிலிப்பைன்ஸ்ல எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும் சார், பாஷைப் பிரச்சினையே கிடையாது." வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட்கள் பெற்றோரிடம் இதை அழுத்திச் சொல்வார்கள். சொல்வதில் பாதி உண்மைதான். டாவோ நகரத்துக் கல்லூரிகளில் வகுப்பு, பாடப்புத்தகம், தேர்வு எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் மீனவரோ வாழைத்தோட்டத் தொழிலாளியோ பேசுவது அந்தப் பக்கத்து மொழியான பிசாயா.

பிலிப்பைன்ஸ் 1898 முதல் 1946 வரை அமெரிக்காவின் பிடியில் இருந்தது. ஆங்கிலம் அப்படி வேரூன்றியதுதான். மருத்துவப் படிப்பின் அமைப்பும் அமெரிக்க வார்ப்பு: முதலில் பி.எஸ். பட்டம், பிறகு என்மேட் என்னும் நுழைவுத் தேர்வு, அதன்பின் நான்கு வருட எம்.டி. பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். சேரும் நமக்கு இது புது வழக்கம். இந்த வேறுபாடு பின்னால் பலருடைய தலையில் இடியாக இறங்கியது.

வார்டுக்குப் போகும் நாள் வந்ததும் மாணவர்கள் முதலில் கற்பது ஒரு கேள்வியை: "ஆசா ஆங் சக்கிட்?" எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். வயதான அம்மாளை "நானாய்" என்றும் பெரியவரை "தாதாய்" என்றும் கூப்பிட வேண்டும். தாய், தகப்பன் என்ற முறைதான். நம் ஊர் டாக்டர் "அம்மா, எங்க வலிக்குது?" என்று கேட்கவில்லையா? கட்டிலுக்கு அருகே "பன்த்தாய்" ஒருவர் இருப்பார், நோயாளிக்குத் துணையிருக்கும் உறவுக்காரர். மருந்து வாங்க ஓடுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவர் பாடு. சென்னை அரசு மருத்துவமனையைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்டு அந்நியமாகவே இருக்காது.

நோய்களும் பழகியவை. டெங்கு, காசநோய், வெள்ளத்துக்குப் பின் வரும் எலிக்காய்ச்சல், நாய்க்கடி. கடுங்குளிர் நாட்டில் இருக்கும் மாணவர் புத்தகத்தில் மட்டும் வாசிக்கும் டெங்குவை டாவோ மாணவர் கட்டிலருகே நின்று பார்க்கிறார். என்னைக் கேட்டால், ஏஜென்ட் பெருமையாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். அவர் நீச்சல் குளம் உள்ள ஹாஸ்டலின் படத்தைக் காட்டுகிறார்.

சாப்பாட்டில் பாதி சொந்தம், பாதி சோதனை. மூன்று வேளையும் சோறு. இஞ்சி தட்டிப்போட்ட 'தினோலா' கோழிச்சாற்றில் முருங்கைக்கீரை மிதக்கும். புளி சேர்த்த 'சினிகாங்' மணம் ரசத்தை நினைவூட்டும், கரண்டியை விட்டால் பன்றித் துண்டு வரும். சைவக்காரர்கள் சொந்தச் சமையலில்தான் பிழைக்க வேண்டும். தீபாவளிக்கு வெடி கிடையாது. 2002 முதல் டாவோவில் பட்டாசுக்குத் தடை, புத்தாண்டுக்கும் சேர்த்துத்தான்.

இடி இறங்கியது 2021 நவம்பர் 18 அன்று. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்தது. அதன்பின் வெளிநாட்டில் சேருபவருக்கு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும், படித்த நாட்டிலேயே அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் தகுதியும் வேண்டும். பி.எஸ். மருத்துவப் படிப்பாகக் கணக்கில் வராது. நான்கு வருட எம்.டி. 48 மாதம்தான். ஆறு மாதம் உதைத்தது. தரம் வேண்டும் என்ற ஆணையத்தின் எண்ணத்தில் குறையில்லை. ஆனால் பி.எஸ். படித்துக்கொண்டு எம்.டி.க்காகக் காத்திருந்தவர்களுக்குத் தங்கள் நிலை என்னவென்றே தெரியாத காலம் அது. சிலர் வேறு நாட்டுக்குப் போய் முதல் வருடத்திலிருந்து தொடங்கினார்கள்.

படித்து முடித்துத் திரும்பினாலும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. என்னும் தகுதித் தேர்வு காத்திருக்கிறது. 300 கேள்விகள், தேற 150 மதிப்பெண், வருடத்துக்கு இருமுறை. எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நானாயிடம் பேசிப் பேசி நோயைக் கண்டறிந்த திறமைக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அதனால் பட்டத்தோடு வந்தவர்கள் கோச்சிங் சென்டரில் மறுபடி பெஞ்சில் உட்காருகிறார்கள்.

தேறியவர்கள் இங்கே மீண்டும் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அப்போது மாவட்ட மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு பாட்டி வந்து, "நெஞ்செல்லாம் கரிக்குது, கை கால் மதமதன்னு இருக்கு, கிறுகிறுன்னு வருது" என்பார். அந்த மூன்றையும் பிரித்துக் கேட்டு கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், பின்னால் வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது.