வாசல் பார்க்கப் போன வண்டி

இலையுதிர்காலம் என்று நம் பாடநூல்கள் எழுதும் பருவம் தக்காணத்தில் இல்லை. இங்கு இலைகள் உதிர்வது பனி முடிந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது தமிழ்க் கணக்கு. அந்த ஐப்பசி, கார்த்திகையைத்தான் கன்னடத்தார் ஏறத்தாழ சரத் ருது என்கிறார்கள். கார் முடிந்து கூதிர் தொடங்காத அந்த இடைவெளிக்குத் தனிப் பெயர் கிடையாது. ஏரிகள் நிரம்பியிருக்கும், சாலையோரப் புல் முழங்கால் உயரம் நிற்கும், கேழ்வரகு கதிர் பிடிக்கத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட பத்து நாள்களை, தசரா விடுமுறையில், ஒரு வண்டிக்குள் கழித்தேன். உடன் வந்தவர்கள் என் அத்தையும் சித்தப்பாவும்.

சித்தப்பா இருபது ஆண்டுகள் சுற்றுலா வண்டி ஓட்டியவர். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, மூன்று பலகைப் படுக்கை, ஒற்றை அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, துணித் திரைக்குப் பின்னால் ஒரு கழிப்பிடம் என்று அமைத்திருக்கிறார். ‘கேரவன்’ என்ற சொல்லை நம்மவர்கள் திரைப்பட நடிகர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டதால், எங்கே நிறுத்தினாலும் சிறுவர்கள் ஓடிவந்து “ஷூட்டிங்கா?” என்று கேட்டார்கள். புறப்பட்ட இடம் கே.ஜி.எஃப். என்று சொன்ன பிறகு, அது உறுதியே ஆகிவிட்டது அவர்களுக்கு.

இது சுற்றுலா அன்று. அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். மழைக்காலத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்து, விடியும்வரை எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அதன் பிறகு மூன்று பிள்ளைகளும் தொலைபேசியில் கூடிப் பேசி, அம்மா இனித் தனியாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். யார் வீட்டில் என்பதைத்தான் அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை. அத்தை சொன்னது ஒன்றே: “நான் வந்து பாக்குறேன். ஆனா விருந்தாளியா வரமாட்டேன்.” விருந்தாளியாக இல்லாமல் ஒரு வீட்டை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் சித்தப்பாவின் வண்டி. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போவோம், சாப்பிடுவோம், பேசுவோம். இரவு வண்டிக்குத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். அத்தையே வகுத்த முறை இது. களப்பணிக்குப் போகும் ஆய்வாளர் பலரிடம்கூட இவ்வளவு தெளிவான முறையியல் இருப்பதில்லை.

என் ஆய்வு, பலமொழிக் குடும்பங்களில் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது பற்றியது. ஒலிப்பதிவுக் கருவியையும் ஒப்புதல் படிவத்தையும் எடுத்துப் போயிருந்தேன். படிவத்தை நீட்டியபோது அத்தை கேட்டார்: “கையெழுத்து கேக்குற அளவுக்கு நான் என்னடி பேசிட்டேன்?” பிறகு போட்டுக் கொடுத்தார். நிறுத்து என்று சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது அவர் வாய்மொழியாகச் சேர்த்த விதி.

தங்கவயலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்களும், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கர்களும் சுரங்கத்துக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. மாமா அங்கே நிலத்தடியில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு பிள்ளைகள் மூன்று திசையில் போனார்கள். போகாதவர்களில் பலர் இன்றும் விடியலுக்கு முன் எழுந்து மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை செய்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். அத்தையின் பேச்சில் ஷாஃப்டும் லைனும் ஷிஃப்டும் இன்றும் நிகழ்காலத்தில் இருக்கின்றன. “சங்கு ஊதுற நேரம் ஆச்சு” என்று அவர் சொன்னால் பிற்பகல் இரண்டு மணி என்று பொருள். சங்கு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

மண்டியாவுக்கு நேர்வழி இருக்க, சித்தப்பா கனகபுரா, மளவள்ளி வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். சிவனசமுத்திரத்தைக் காட்ட வேண்டுமாம். அங்கே காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் பயணம் செய்து முதலில் போய்ச் சேர்ந்த இடம் தங்கவயல்தான். பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கும் பிறகு. மழை முடிந்திருந்ததால் ககனசுக்கி அருவி முழு வீச்சில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். “இந்தத் தண்ணிதான் உங்க மாமாவக் கூண்டுல கீழ இறக்கிச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “மேலயும் ஏத்திச்சு,” என்றார் சித்தப்பா.

வழியில் மத்தூரில் வடை. ரவையும் மைதாவும் அரிசி மாவும் வெங்காயமும் சேர்த்துத் தட்டையாக, ஓட்டை இல்லாமல், மொறுமொறுவென்று சுட்டது. “வடைக்கும் தட்டைக்கும் பொறந்த புள்ள” என்று அத்தை வகைப்படுத்தினார். அகராதியில் சேர்க்கத் தக்க வரையறை.

மண்டியாவில் மூத்த மகன் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மருமகள் அந்த ஊர்க்காரர், கன்னடம் பேசுபவர். தமிழ் அவருக்குப் புரியும், பேச வராது. பேரன் அப்பாவிடம் தமிழும் அம்மாவிடம் கன்னடமும் பேசுகிறான். பாட்டியிடம் எதைப் பேசுவதென்று தெரியாமல் சிரிக்கிறான். அன்று முத்தேயும் பஸ்ஸாரும். முத்தே நம் கேழ்வரகுக் களிதான், உருண்டையாக. பஸ்ஸாரு என்பது கீரையையும் பயற்றையும் வேகவைத்து, நீரை வடித்து, அந்த வடிநீரில் மசாலா அரைத்து ஊற்றிக் கொதிக்கவைக்கும் சாறு. வடித்த கீரையைத் தனியே தாளித்துத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். ஒரே பானையில் இரண்டு பண்டம், எதுவும் வீண் போகாது. அத்தை இரண்டாவது உருண்டை கேட்டார். தங்கவயலில் கன்னடத்தை அவர் கடைத்தெருவுக்கு மட்டும் வைத்திருந்தார் என்று நினைத்திருந்தேன். மருமகளிடம் அவர் வெங்காயம் வதக்கும் பக்குவத்தைப் பற்றி அரை மணி நேரம் கன்னடத்தில் வாதாடினார். வினைமுற்றுகளில் தமிழ் எட்டிப் பார்த்தது. மருமகள் அதைத் திருத்தவில்லை.

மறுநாள் ஊருக்கு வெளியே ஓர் ஆலெமனெக்குப் போனோம். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் கொட்டகை. தமிழில் ‘ஆலை’ என்றால் பழைய பொருள் கரும்பு ஆட்டும் பொறிதான். பிறகு பஞ்சாலை, இரும்பாலை என்று எல்லாத் தொழிற்கூடத்துக்கும் நாம் அதைக் கொடுத்துவிட்டோம். கன்னடம் ‘ஆலெ’யைக் கரும்போடு நிறுத்திக்கொண்டது. அகன்ற கொப்பரையில் சாறு மணிக்கணக்கில் கொதிக்கிறது, எரிபொருள் கரும்புச் சக்கையே. அழுக்கைத் திரட்டி எடுக்க வெண்டைச் செடியின் கொழகொழப்பான சாற்றையும், பதத்துக்குச் சிறிது சுண்ணாம்பையும் சேர்ப்பது வழக்கம். பாகு பதம் வந்ததும் மர அச்சுகளில் வார்க்கிறார்கள். அச்சு வெல்லம், அங்கே அச்சு பெல்லா. தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாக ஒலிப்பதை முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட இனிய சான்று கிடையாது. ஒருவர் வாழையிலைத் துண்டில் சூடான பாகை வழித்துக் கொடுத்தார். அத்தை விரலைச் சுட்டுக்கொண்டு, அதைப் பொருட்படுத்தாமல் நக்கினார்.

இரவு வண்டி மகன் வீட்டு வாசலில் நின்றது. விடியற்காலையில் கோலம் போட வந்த எதிர்வீட்டுப் பெண் வண்டியின் சன்னலைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டார். அத்தை இறங்கிப் போய் நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினார். அந்தப் பெண்ணின் மாமியாருக்கு எந்த முழங்கால் வலி என்பதுவரை அறிந்திருந்தார்.

மைசூரில் மகள் ஆசிரியை. அடுக்ககத்தின் மூன்றாம் தளம். காவலாளி வண்டியை உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டோம். அந்த வீட்டில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. என் பட்டியலில் ‘மொழித் தக்கவைப்பு’ என்ற பத்தியில் முதலிடம் பெறும் வீடு: இரு பேத்திகளும் தமிழ் எழுதப் படிக்க அறிந்தவர்கள், பாட்டியைப் ‘பாட்டி’ என்றே அழைப்பவர்கள். கொலு வைத்திருந்தார்கள். நடுவில் மைசூர் வழக்கப்படி மரத்தாலான ராஜா, ராணி பட்டத பொம்பெ. அதன் அருகில் அத்தை கொண்டுபோன பழைய மரப்பாச்சி. மைசூர்ப்பாகும் நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழமும் கொடுத்தார்கள். பழத்தின் மணத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் காலை ஏழரைக்கு எல்லோரும் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புகிறார்கள். பாட்டியோடு பேசத் தமிழ் இருந்தது, பேசுவதற்கு ஆள் இல்லை. அந்தத் தளத்தில் நான்கு கதவுகள். இரண்டு நாளில் ஒன்றுகூடத் திறந்து நான் பார்க்கவில்லை.

குடகில், சித்தாபுரத்துக்கு அருகே, இளைய மகன் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளர். காய்கள் இன்னும் பச்சைதான். தோட்டத்தில் தமிழும் மலையாளமும் கன்னடமும் கேட்டன. அண்டை வீட்டார் பேசியது குடகு மொழி. 1930களில் எமனோ இங்கே வந்து எழுதியெடுத்த மொழி அது. தமிழிலோ கன்னடத்திலோ எழுதிக் காட்ட இயலாத நடு உயிர்கள் அதில் உண்டு. அத்தை மகனின் ஆறு வயது மகள் அவற்றைப் பிழையின்றி ஒலித்தாள். நான் ஒலிக்க முயன்றபோது கைகொட்டிச் சிரித்தாள். கடம்புட்டும், கச்சம்புளி ஊற்றிய பன்றிக்கறியும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. கச்சம்புளி என்பது கொடம்புளி இனத்துப் பழச்சாற்றைக் கருநிறமாகும்வரை சுண்டக் காய்ச்சியது. ஒரு கரண்டி போதும். சித்தப்பா புரட்டாசி விரதம். வெறும் கடம்புட்டைத் தின்றுகொண்டு எங்கள் தட்டுகளைப் பார்த்தார். அத்தை, “அறுவது வருசமா சுரங்கக்காரன் சோறு தின்னவளுக்குப் புரட்டாசி ஏது” என்று சொல்லிவிட்டு உண்டார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அத்தை மீது அன்பு மிகுதி. ஆனால் மருத்துவமனை தொலைவு, மழைக்காலத்தில் மின்சாரம் நாள்கணக்கில் வராது. அதை மகனே சொன்னான்.

திரும்பும் வழியில், ஹுன்சூர் தாண்டி ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தித் தேநீர் போட்டோம். அத்தை கருவியைப் பார்த்து, “அத அணை” என்றார். அணைத்தேன். எனவே அடுத்து வருவது நினைவிலிருந்து எழுதுவது. எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

“மண்டியாவுல இருக்கேன்.”

சித்தப்பா வியந்தார். “அக்கா, அங்க தமிழே இல்லியே. மைசூர்ல புள்ளைங்க எவ்ளோ அழகா பேசுதுங்க!”

“பேசுதுங்க, தம்பி. வாசல் இல்லியே.”

மேற்கொண்டு அவர் விளக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ 21 லட்சம் பேர், மக்கள்தொகையில் மூன்றரை விழுக்காடு. அத்தை அந்த எண்ணுக்குள் இருக்கிறார். மண்டியாவுக்குப் போன பின்னும் இருப்பார். அவர் பகலெல்லாம் எந்த மொழியில் வாழப் போகிறார் என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. என் ஆய்வில் வீட்டுக்குள் நிகழும் பேச்சுக்குப் பதினான்கு கேள்விகள் வைத்திருந்தேன். இப்போது தெருவைப் பார்த்த கேள்விகள் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். வழிகாட்டி இன்னும் ஒப்பவில்லை. வாசலுக்குக் கன்னடத்தில் என்ன என்று அத்தையிடம் கேட்டேன். ‘பாகிலு’ என்றார் உடனே. நம் ‘வாயில்’தான் அது, வெல்லம் பெல்லாவான அதே வழியில். ஆனால் அவர்களுக்கு அது கதவு. நமக்கு அது கதவுக்கு வெளியே உள்ள இடமும் ஆகும்.

தை பிறந்ததும் பொருள்களை ஏற்றுவதாகத் திட்டம். லைன் வீட்டை இப்போதைக்குப் பூட்டி வைப்பது, விற்பதில்லை; இதில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒருமித்த கருத்து இல்லை, அத்தைக்கு உண்டு. அம்மியும் குழவியும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். மருமகளுக்கு மிக்சி இருக்கிறதே என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். பஸ்ஸாருக்கு மசாலாவை அம்மியில் அரைத்தால்தான் தகும் என்று மருமகளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அம்மியை வைக்க வேண்டுமானால் பலகைப் படுக்கைகளில் ஒன்றைக் கழற்ற வேண்டும். சித்தப்பா நேற்று அளவு நாடாவோடு வண்டிக்குள் நிற்கும் படத்தை அனுப்பியிருந்தார். கழற்றப்போவது என் படுக்கை.