தெரிந்தும் திருத்தவில்லை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓர் அட்ஜெக்டிவுக்குப் பின்னால் எந்த பிரிப்பொசிஷன் வரும், ஏன் வரும் என்பது பணியில் இருந்த காலத்தில் எனக்கு விளங்கியதே இல்லை. மனப்பாடமாக மட்டும் தெரியும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் அதற்கென்று நீண்ட பட்டியல் உண்டு. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஒப்பிக்கச் சொன்னேன்.

பிள்ளைகள் செய்த தவறுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. 'உன் மேல கோவம்' என்று வீட்டில் பேசுகிற பிள்ளை 'ஆங்ரி ஆன்' என்று எழுதும். 'கணக்குல கெட்டி' என்பது 'குட் இன்' ஆகும். 'அவரோட கல்யாணம்' என்பது 'மேரீட் வித்' ஆகும். தமிழின் உருபையும் சொல்லுருபையும் அப்படியே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். 'நாம் மேல் என்கிற இடத்தில் ஆங்கிலேயன் வித் என்கிறான்' என்று எடுத்துக் காட்டியிருந்தால் பாதித் தவறுகளை அவர்களே பிடித்திருப்பார்கள். நான் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி, தன் ஊரைப் பற்றிய கட்டுரையில், பன்னீர்த் திராட்சை வேறு, விதையில்லாத் திராட்சை வேறு என்று எழுதியிருந்தாள். நன்றாக எழுதியிருந்தாள். ஆனால் 'டிஃபரன்ட் டு' என்று போட்டிருந்தாள். அதை அடித்து, மதிப்பெண்ணைக் குறைத்தேன். "லைப்ரரி புத்தகத்துல இப்பிடித்தான் சார் இருந்துச்சு" என்றாள். "அச்சுப்பிழையா இருக்கும், போய் உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் தடுக்கவில்லை.

பிறகு மதுரையில் ஒரு நூலகத்தில் ஃபவுலரின் ஆங்கில வழக்கு அகராதியைப் புரட்டினேன். 1926-இல் வந்த புத்தகம். டிஃபரன்டுக்குப் பின் 'ஃப்ரம்' மட்டுமே வரவேண்டும் என்பதை அவர் மூடநம்பிக்கை என்றே எழுதியிருக்கிறார். அவள் எழுதியது சரி. நான் ஊர் திரும்பி அடுத்த நாள் வகுப்புக்குப் போனேன், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குப் பின் வந்த பிள்ளைகளுக்கும் 'ஃப்ரம் மட்டும்தான்' என்றே சொன்னேன்.

காரணம் பயம். ஒன்றை ஒப்புக்கொண்டால் அடுத்து "ஏன் சார்?" என்று கேட்பார்கள், பதில் என்னிடம் இல்லை. டிஃபரன்ட் லத்தீனிலிருந்து வந்தது, அதன் முதல் அசையிலேயே விலகல் இருக்கிறது, அதனால் 'ஃப்ரம்' பொருந்தியது என்பதெல்லாம் ஓய்வுக்குப் பின் படித்தது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர் போன்றவை லத்தீனிலேயே ஒப்பீட்டுச் சொற்கள். அவற்றுக்குப் பின் 'தன்' வராமல் 'டு' வருவது அதனால்தான் என்பதும் அப்படித்தான். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயங்கள் இவை.

அந்தப் பிள்ளை அதன்பிறகு என் வகுப்பில் கை தூக்கவில்லை. அவளுக்கு அந்த மதிப்பெண்ணை நான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு: 'டிஃபரன்ட் டு' பிரிட்டனில் இயல்பாகப் புழங்குவது, 'டிஃபரன்ட் தன்' அமெரிக்காவில் புழங்குவது. தேர்வுத்தாளில் 'ஃப்ரம்' போட்டால் யாரும் அடிக்கமாட்டார்கள். ஆனால் மற்றவை தவறு என்று நான் சொன்னதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால், தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள்.