நோட்டுப் புத்தகமும் தராசும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்தபின், காப்பித் தோட்டங்களினூடே இன்னும் சிறிது தூரம் சென்றால் கரடியூர் என்னும் மலைக் கிராமம் வருகிறது. பெயரைக் கேட்டு நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் நாற்பது நாட்கள் தங்கியிருந்தும் நமது கண்ணில் ஒரு கரடிகூடத் தென்படவில்லை. கரடிக்கு நாம் பயப்பட நேரவில்லை. நமக்குத்தான் மற்றவர்கள் பயப்பட்டார்கள்!

இத்தனைக்கும் நமது கையில் துப்பாக்கி கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவுமே இருந்தன. ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை எப்படி நடக்கிறது, யார் சொல்ல யார் செய்கிறார்கள், ஏட்டில் எழுதியிருக்கும் விதிக்கும் களத்தில் நடக்கும் வழக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கூடவே இருந்து பார்த்து எழுதுவது நமது நோக்கம். தோட்டத்தின் மானேஜர் நல்ல படிப்பாளி. கடிதம் எழுதிக் கேட்டதும் அனுமதி கொடுத்தார். தங்குவதற்கு ஓர் அறையும் கொடுத்தார். அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே நாம் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் தானே விளங்கும்.

சேர்வராயன் மலையில் பரம்பரையாக வசித்து வரும் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதே பொருள். பேசுவது தமிழ். காஞ்சீபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் மூத்தவர் இந்த மலையிலும், நடுப்பிறந்தவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்று இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. 1820-ஆம் ஆண்டையடுத்த பத்தாண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். அதற்குப் பிறகு மலையின் சரிவுகள் தோட்டங்களாயின. மலையின் மக்களில் பலர் அத்தோட்டங்களில் கூலியாட்களாயினர்.

நோட்டுப் புத்தகத்தோடு இந்த மலைக்கு வந்த முதல் மனிதர் நாமல்ல. சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், சேர்வராயன் மலையாளிகளைப் பற்றி 1899-ல் அந்த மியூசியத்தின் வெளியீடு ஒன்றில் எழுதினார். மனிதர்களுடைய உயரத்தையும் தலையின் நீள அகலத்தையும் அளப்பதற்கு அவர் கருவிகளுடன் ஊர் ஊராகச் சென்றவர். தாம் போன இடங்களில் ஜனங்கள் பட்ட பயத்தை 1909-ல் வெளிவந்த தமது பெரிய நூலின் முன்னுரையில் அவரே சொல்லுகிறார். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்கவிட மறுத்தாராம். இந்த மலையில் வசித்தவர்களோ, தங்கள் நிலங்களைச் சர்க்காரில் சேர்த்துக்கொண்டு தங்களை அந்தமானுக்கு ஏற்றிவிடவே துரை வந்திருக்கிறார் என்று எண்ணிவிட்டார்களாம். இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் வந்தது எந்த ஆட்சியின் உத்தியோகஸ்தராக என்பதை நினைத்தால், அந்த ஜனங்களின் பயம் முழுதும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது.

அக்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் காட்டையும் மலையையுமே தேடிச் சென்றார்கள். பிறகு அவர்கள் பார்வை தொழிற்சாலைகளின் மீதும் திரும்பியது. அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் என்ற இடத்திலிருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில், 1924 முதல் 1932 வரை ஆராய்ச்சிகள் நடந்தன. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினால் வேலையும் கூடுமா என்ற சின்னக் கேள்வியில் ஆரம்பித்து, இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் அவர்கள் மனத்திலிருப்பதைக் கேட்பதில் போய் நின்றது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே வசித்து ஆராய்ந்த லாய்டு வார்னரை யோசனைக்கு அழைத்துக் கொண்டார்கள். 1931-ல், கம்பி பிணைக்கும் பதினான்கு ஆண்களைத் தனி அறையில் வேலை செய்யச் சொல்லி, ஆராய்ச்சியாளர் ஒருவரையும் அதே அறையில் உட்கார வைத்தார்கள். நாளொன்றுக்கு இவ்வளவுதான் வேலை என்று தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள் என்பதும், அதை மீறி உழைத்தவனுக்குத் தோழர்கள் புஜத்தில் ஒரு குத்து விடுவார்கள் என்பதும் அப்பொழுது தெரியவந்தன. அந்த விவரங்களுடன் 1939-ல் வெளிவந்த நூலில் அம்மனிதர்களின் பெயர்கள் இல்லை. எழுத்தும் எண்ணுமே இருக்கின்றன. இந்தச் சிறு விஷயத்தின் அருமை நமக்குக் கரடியூரில்தான் தெரிந்தது.

நமது தேசத்திலும் இத்தகைய வேலை நடந்திருக்கிறது. 1953-ல் ஆமதாபாத் காலிகோ மில்லுக்கு லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ. கே. ரைஸ் வந்தார். அவர் சொன்ன யோசனையைத் தறிக் கொட்டகையிலிருந்த தொழிலாளர்கள் பிடித்துக்கொண்டு, தங்களைத் தாங்களே குழுக்களாக அமைத்துக் கொண்டார்கள். கோயமுத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தை உள்ளிருந்து ஆராய்ந்து ஈ. ஏ. ராமசுவாமி எழுதிய நூல் 1977-ல் வந்தது. ரைஸை அழைத்தது நிர்வாகம். ராமசுவாமி பழகியது சங்கத்தாரோடு. எந்த வாசல் வழியாக நுழைகிறோமோ, அந்த வாசலின் நிறம் நமது சட்டையில் ஒட்டிக்கொள்ளுகிறது.

நாம் நுழைந்தது மானேஜருடைய ஜீப்பில்! முதல்நாள் காலையில் பெயர் பதியும் இடத்தில் அந்த ஜீப்பிலிருந்து இறங்கியபோதே, நாற்பது ஜோடிக் கண்கள் நம்மை எடை போட்டுவிட்டன. அதன் பிறகு எத்தனை பணிவாகப் பேசினாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, சாமி" என்பதே பதில். மேஸ்திரி மட்டும் தாராளமாகப் பேசினார். ஆனால் அவர் சொன்னவை எல்லாம் மானேஜர் ஏற்கெனவே சொன்னவை.

மூன்றாம் நாள் முதல் ஜீப்பை விட்டு நடக்கத் தொடங்கினோம். பழம் பறிக்கும் பெண்களோடு ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு நாமும் பறித்தோம். காப்பிப் பழம் எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் சிவந்ததும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்திருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். பச்சை கலந்தால் காப்பியின் ருசி கெடும். மாலையில் நமது சாக்கிலிருந்த பழத்தைப் பார்த்து அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

நமக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பாட்டி பறித்து வந்தாள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவள் விரல்கள் கிளையில் ஓடுவதை வீணை வாசிப்பவர்கள் பார்க்க வேண்டும். ஒருநாள் மழைத்தூறலில் மரத்தடியில் ஒதுங்கியிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "பழத்தைப் பறிக்கிறது நாங்க, சாமி. சாக்குக்கும் ஈரத்துக்கும்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. சாக்கு ரெண்டு கிலோவா இருக்கும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

குறிப்பிட்ட எடைக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு உண்டு. ஆகவே சாக்குக்கு இரண்டு கிலோ என்பது சின்ன விஷயமல்ல. ஏன் மானேஜரிடம் சொல்லக் கூடாது என்று கேட்டோம். அவள் நம்மைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வேலைக்குப் பெயர் சொல்லி அழைப்பவர் மேஸ்திரி. முன்பணம் கொடுப்பவரும் அவரே. தராசின் அருகில் நிற்பவரும் அவரே. அன்றிரவு இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டோம்.

இனி நமது தவறைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மானேஜர் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வெளியே பனி, உள்ளே கணப்பும் நல்ல காப்பியும். "ஸார், உங்கள் குறிப்புகளைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று சிரித்துக் கொண்டே கேட்டார். "மன்னிக்க வேண்டும், பிறர் நம்பிச் சொன்னவை அதில் இருக்கின்றன" என்றோம். அவர் வற்புறுத்தவில்லை. நோட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை நமக்கு உண்டாயிற்று. அந்தப் பெருமையிலேயே நாக்கு வழுக்கியது. "பொதுவாக எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. சாக்குக்குக் கழிக்கும் எடை மட்டும் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிறது. அனுபவமுள்ள ஒரு பாட்டிகூட..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினோம். நிறுத்திப் பயன் என்ன? நாம் எந்த வரிசையில் பறித்தோம் என்பது தோட்டம் முழுதும் தெரியும்.

மானேஜர் கெட்ட மனிதரல்ல. மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தார், அவ்வளவுதான். அதற்கு மறுநாள் காலையில் பெயர் பதியும்போது பாட்டியின் பெயர் வரவில்லை. "ஆள் போதும்" என்றார் மேஸ்திரி.

அவள் வீட்டைத் தேடிச் சென்றோம். திண்ணையில் உட்கார்ந்து ராகியைப் புடைத்துக் கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டோம். அவள் கோபிக்கவில்லை. "நீங்க கேட்டீங்க, சொன்னேன். நோட்டுல எழுதினது வாய்க்கு எப்படி வந்துச்சு, சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தோம். அப்பொழுது சம்பாரண் நினைவுக்கு வந்தது. 1917-ல் மகாத்மா காந்தி பீஹாரில் அவுரித் தோட்டக்காரர்களின் கொடுமையை விசாரிக்கச் சென்றபோது, ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. ராஜேந்திர பிரசாத் முதலிய வக்கீல்கள் அவருக்குத் துணையாக இருந்தார்கள். ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். அதில் நிற்காத சொல்லை எழுதக் கூடாது என்பது விதி. தோட்டக்காரர்களையும் காந்திஜி நேரில் கண்டு அவர்கள் பக்கத்தைக் கேட்டார். ரகசியப் போலீஸ் அதிகாரி கூடவே உட்கார்ந்திருந்ததை அவர் ஆட்சேபிக்கவில்லை. குடியானவர்களின் பயம் தெளிவதற்கு அதுவே ஓர் உபாயமாயிற்று. தம் பெயரிலேயே சொல்லும் தைரியத்தை அவர்கள் அடைந்தார்கள். ஏனென்றால் அவர்களுக்கு நேரக்கூடிய ஆபத்தில் முதல் பங்கைத் தாம் ஏற்கக் காந்திஜி தயாராயிருந்தார். நாம் எந்த ஆபத்துக்குத் தயாராயிருந்தோம்? நாற்பது நாள் முடிந்தால் மலையிறங்கிப் போய்விடுவோம். பாட்டி இறங்கிப் போக இடமேது?

ஒன்று தெளிவாயிற்று. அவள் சொன்னது நமக்கு ஒரு கேள்வியே தவிர, நாம் எடுத்துக் காட்டுவதற்குரிய சாட்சியல்ல. சாட்சியை நாமே தேடியிருக்க வேண்டும்.

மறுநாள் மானேஜரிடம் சென்று, சாக்குகளை நிறுத்துப் பார்க்க அனுமதி கேட்டோம். தோட்டத்துத் தராசிலேயே, மேஸ்திரியையும் ரைட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஒரு வாரம் நிறுத்தோம். காய்ந்த வெறுஞ்சாக்கு ஒன்று முக்கால் கிலோவை எட்டவில்லை. பனியிலும் தூறலிலும் நன்றாக நனைந்த சாக்கும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டவில்லை. பழத்தின் மேலிருந்த ஈரத்தையும், சாக்கோடு கொட்டி வடியவிட்டு மறுபடி நிறுத்துக் கண்டோம். எல்லாவற்றையும் கூட்டினாலும் கழிவு இரண்டு கிலோ ஆகவில்லை. ஒரு தாளில் எழுதி மூவரிடமும் கொடுத்தோம். அந்தத் தாளில் எவர் பெயரும் இல்லை.

மானேஜர் நெடுநேரம் அதைப் பார்த்தார். "இது என் தாத்தா காலத்து வழக்கம், ஸார். யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை" என்றார். அந்த வாரமே காய்ந்த நாளில் முக்கால் கிலோ, மழை நாளில் ஒன்றரைக் கிலோ என்று மாற்றி எழுதிப் பலகையில் ஒட்டச் சொன்னார். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: கழித்த காசு மேஸ்திரியின் பைக்குப் போனதாக நாம் காணவில்லை. பழைய வழக்கத்தைக் காத்து நின்றதே அவர் செய்தது. ஆனாலும் அந்தப் பருவம் முடியும்வரை பாட்டியின் பெயரை அவர் கூப்பிடவில்லை. மானேஜரிடம் அதையும் சொன்னோம். "ஆள் அழைப்பது மேஸ்திரியின் அதிகாரம்" என்று விட்டுவிட்டார். நாற்பது பேருடைய சாக்கு சரியாயிற்று. அதற்கு வழிகாட்டியவளுக்கு மட்டும் அந்த வருஷத்துப் பறிப்பு இல்லாமற் போயிற்று. இந்தக் கணக்கை எந்தத் தராசில் வைத்து நேர்செய்வது என்று நமக்கு இன்றும் தெரியவில்லை.

ஒரு ஸ்தாபனத்துக்குள் புகுந்து ஆராய்பவன் முதலாளிக்கு ஒற்றனாகவும் இருக்கக் கூடாது. தொழிலாளிக்கு வக்கீலென்று வேஷம் போடவும் கூடாது. கதவைத் திறந்தவருக்கும், மனத்தைத் திறந்தவருக்கும் அவன் சமமாகக் கடமைப்பட்டவன். இதைப் புத்தகங்களில் முன்பே படித்திருந்தோம். படித்தது கணப்பருகே ஒரு கோப்பைக் காப்பியில் கரைந்துபோயிற்று என்பதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.

மலையிறங்கும் நாளன்று பாட்டியிடம் விடைபெறப் போனோம். நமது பங்காக நாம் பறித்த பழத்துக்குரிய கூலியை அவளிடம் கொடுக்க நீட்டினோம். அவள் வாங்கவில்லை. "இதையெல்லாம் பொஸ்தகத்துல எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதுவோம், பாட்டி. உங்கள் பெயரை எழுத மாட்டோம்."

அவள் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"பேரு வேணாம், சாமி. எடையை மட்டும் சரியா எழுதுங்க."