நாகூரில் ஒரு கோரிங் மாஸ்டர்

நாகூரில் மஃரிபு தொழுகை முடிந்த பிறகுதான் கடைத்தெருவின் அடுப்புகள் வேகம் பிடிக்கின்றன. தர்காவின் அலங்கார வாசலை ஒட்டிய தெருக்களில் ஒரு பக்கம் இறால் பதித்த வாடா எண்ணெயில் பொரிகிறது. இன்னொரு பக்கம் கொத்துப் புரோட்டா கல்லில் கரண்டிகள் ஓய்வில்லாமல் ஒலிக்கின்றன. நான் தேடிப் போனது வேறொரு அடுப்பை. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவகங்களில் நெடுங்காலம் சமைத்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், மாலையில் மட்டும் நாசி கோரிங் பத்தாயா போட்டுக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வறுத்த சோற்றை மெல்லிய முட்டை அடைக்குள் வைத்து, நாலு புறமும் மடித்து, தட்டில் கவிழ்த்து, மேலே மிளகாய் சாஸ் ஊற்றித் தருகிற பண்டம் அது. ஜப்பானியர் வீட்டிலும் ஓட்டலிலும் ஆசையாகச் சாப்பிடும் ஓமுரைஸுக்கு மிக நெருங்கிய உறவு.

கடை என்பது ஒரு வீட்டுத் திண்ணையும் அதன் முன்னால் போட்ட தகரக் கூரையும்தான். அவரை எல்லோரும் நானா என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

“சாப்பிட வந்தீங்களா தம்பி, பாக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான் நானா.”

“அப்ப நாளைக்குக் காலையில வாங்க. இந்தச் சோறு காலையிலயே ஆரம்பிச்சிரும்.”

மறுநாள் போனபோது அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். பொன்னிப் பச்சரிசி. வீட்டில் சாப்பிடும் பதத்துக்கு ஒரு படி முன்னாலேயே வடித்துவிடுகிறார். பருக்கையை நசுக்கினால் நடுவில் மணல் அளவு கடினம் தட்டுப்பட வேண்டும். வடித்த சோற்றை அகலமான தாம்பாளங்களில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, கட்டிகளை விரலால் உதிர்க்கிறார். ஆவி அடங்கியதும் மெல்லிய துணி போட்டுக் குளிர்பெட்டிக்குள் போகிறது.

“சூட்டோட மூடி வெச்சா சாயங்காலம் சாப்பிடுறவன் வயித்தக் கெடுத்துரும். ஆறப் போட்டு வெச்சாத்தான் பருக்கை பருக்கையா நிக்கும்” என்றார்.

வேகும்போது அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறும்போது அந்த மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. அப்படி இறுகிய பருக்கைதான் பெரிய தீயில் பிரண்டாலும் குழையாது. சூட்டோடு மூடி வைத்த சோற்றில் கிருமிகள் பெருகும் என்பதும் உண்மை. சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் கிடந்து, வெதுவெதுப்பில் உயிர் பெறும். எந்தப் பாடநூலும் இல்லாமல் இந்த இரண்டையும் அவர் கைகள் அறிந்து வைத்திருக்கின்றன.

அந்தத் தாம்பாளத்தில் ஆறிக்கொண்டிருந்த அரிசிக்கும் ஒரு கடல்கடந்த வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு, நம் நாட்டு இண்டிகா நெல்லையும் ஜப்பானிகா நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் பெரிய முயற்சி கட்டாக்கில் நடந்தது. அந்த வழியில் மலாய் நாட்டு மாயாங் ஏபோஸ் 80 என்ற நெல்லும் தைச்சுங் 65 என்ற நெல்லும் கலந்து பிறந்ததுதான் 1965-இல் மலேசியாவில் வெளியான மஷூரி. தைச்சுங் 65, தைவான் ஜப்பானிய ஆட்சியில் இருந்தபோது ஜப்பானிய வல்லுநர்கள் உருவாக்கிய ரகம். அதே பெற்றோரின் வழியில் வந்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. அதற்கும் முன்பே, 1960-களின் நடுவில், தஞ்சை மாவட்டக் குறுவை வயல்களில் வேகமாகப் பரவிய ஆடுதுறை 27, ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம்முடைய ஜி.இ.பி. 24 நெல்லையும் சேர்த்து உருவானது. ஜப்பானும் மலாயாவும் காவிரிப் படுகைச் சோற்றுக்குள் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. நானாவின் சட்டிக்கு மலேசியா தாமதமாகத்தான் வந்திருக்கிறது.

மாலையில் வேலை வேறு வேகத்தில் நடந்தது. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்து அரைத்த விழுது ஒரு கிண்ணத்தில். தணலில் வாட்டிய பெலாச்சான் ஒரு துண்டு. இது கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்துக் காயவைத்த கட்டி. மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டிக்குள் நாலு உறை போட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பொடியாக நறுக்கிய கோழி, நெத்திலிக் கருவாடு, வெங்காயத்தாள், கறுப்பு கிச்சாப் எனும் இனிப்புச் சோயா சாஸ். எல்லாம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், எடுக்க வேண்டிய வரிசையிலேயே இருந்தன. அடுப்பு எரியத் தொடங்கிய பிறகு அவர் எதையும் தேடவில்லை.

சீனச்சட்டி புகை விடும்வரை காய்ந்தது. எண்ணெய், விழுது, பெலாச்சான், கோழி என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பிறகு சோறு. இங்கேதான் அவர் என்னைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“சத்தம் மாறுறதக் கேளுங்க.”

சோறு விழுந்ததும் ஈரம் ஆவியாகும் சீறல் எழுந்தது. கரண்டி அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டப் புரட்ட, அந்தச் சீறல் மெலிந்து, பருக்கைகள் இரும்பில் உதிரும் உலர்ந்த சத்தம் வந்தது. அப்போதுதான் கிச்சாப் ஊற்றினார். அதுவும் சோற்றின் மேலே ஊற்றவில்லை, சட்டியின் சூடான விளிம்பில். அங்கே பட்டதும் அதிலுள்ள சர்க்கரை கருகி மணம் எழுப்பிக்கொண்டு கீழே வழிந்தது. முன்னால் ஊற்றினால் சோறு ஈரமாகிக் குழையும், பின்னால் ஊற்றினால் மணம் ஏறாது. அந்த நொடியை அவர் காதால் பிடிக்கிறார்.

சோற்றை இறக்கி வைத்துவிட்டு முட்டைக்கு வந்தார். இரண்டு நாமக்கல் முட்டை, உப்பு, சோளமாவு கரைத்த நீர் ஒரு கரண்டி. நுரை எழாதபடி அடித்து, வடிகட்டினார். நுரைக் குமிழி இருந்தால் அந்த இடத்தில் அடை ஓட்டையாகி, மடிக்கும்போது கிழியும். சோளமாவு அடைக்கு இழுவை தரும். இன்னொரு சட்டியை எண்ணெய்த் துணியால் துடைத்து, தீயைக் குறைத்து, முட்டையை ஊற்றி, இரு கையாலும் சட்டியைச் சாய்த்துச் சுழற்றினார். சட்டி முழுதும் ஒரே கனத்தில் மஞ்சள் பரவியது. வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்குகிறது, மஞ்சள்கரு இன்னும் சில டிகிரி மேலே. அதற்குமேல் சூடு ஏறினால் ஈரம் வெளியேறி அடை வறண்டுவிடும். ஓரம் சட்டியை விட்டு எழும்பியும் மேல்பரப்பு இன்னும் பளபளவென்று ஈரமாகவும் இருக்கும் அந்த இடைவேளையில் சோறு நடுவில் வந்து அமர்ந்தது. அந்த ஈரம்தான் பசை. நாலு புறமும் மடித்ததும் முட்டை தன்னைத் தானே ஒட்டிக்கொண்டது. தட்டைச் சட்டியின் மேல் மூடி, இரண்டையும் சேர்த்துப் புரட்டினார். எங்கும் கீறல் இல்லாத சதுரத் தலையணை ஒன்று தட்டில் உட்கார்ந்திருந்தது. மிளகாய் சாஸும் வெள்ளரித் துண்டுகளும் வைத்து நீட்டினார். பிளந்து சாப்பிட்டேன். காரமும் கருவாட்டு உப்பும் கிச்சாப்பின் இனிப்பும் முட்டையின் மென்மைக்குள் அடங்கி, வயிற்றுக்கும் மனதுக்கும் இதமாக இருந்தது.

ஜப்பானில் இதே கருத்து வேறு கைப்பழக்கத்தால் நிறைவேறுகிறது. அங்கே குட்டைப் பருக்கைச் சோற்றைக் கோழியோடும் தக்காளி கெட்சப்போடும் வறுக்கிறார்கள். முட்டையைச் சிறிய வாணலியில் குச்சியால் கிளறி, பாதி வெந்ததும் சோற்றைச் சுற்றிப் போர்த்துகிறார்கள். வாணலிப் பிடியில் மணிக்கட்டைத் தட்டித் தட்டியே முட்டையை உருட்டித் திருப்புவார்கள். 1985-இல் வந்த ‘டாம்போபோ’ திரைப்படத்தில், சோற்றின் மேல் வைத்த ஆம்லெட்டைக் கத்தியால் கீறி மலரவைக்கும் காட்சி உலகெங்கும் பேசப்பட்டது.

ஓமுரைஸின் பிறப்புக்கு இரண்டு உணவகங்கள் உரிமை கோருகின்றன. டோக்கியோ கின்சாவின் ரெங்காதெய், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அடுப்பை விட்டு நகர முடியாத சமையலறை ஆட்கள் அவசரமாகச் சாப்பிடுவதற்காக முட்டையையும் சோற்றையும் சேர்த்துச் செய்தது என்கிறது. ஒசாகாவின் ஹொக்கியோகுசெய், வயிறு சரியில்லாமல் எப்போதும் ஆம்லெட்டும் வெறும் சோறும் கேட்டுவந்த ஒரு வாடிக்கையாளருக்காக, சலிப்புத் தட்டாமலிருக்க, 1925-இல் செய்து கொடுத்ததாகச் சொல்கிறது. எதை ஏற்றாலும் ஒன்று தெளிவாகிறது: அடுப்படியில் நிற்கிறவரின் பசியிலும் பரிவிலும்தான் இந்த உணவு பிறந்திருக்கிறது.

நாகூருக்குப் பத்தாயா வந்த பாதையும் உழைப்பின் பாதைதான். இந்த ஊர்க்காரர்கள் மலாயாவுக்குச் சபர் போனது நேற்று இன்று தொடங்கியதல்ல. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு தர்காவைக் கட்டினார்கள். பினாங்கின் சூலியா தெருவிலும் அப்படி ஒன்று நிற்கிறது. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல், 1970-களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆட்களைச் சுமந்தது. அதன்பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. நானாவின் வாப்பா கப்பலில் போனவர். நானா விமானத்தில் போனார்.

போனதும் யாரும் சட்டியைக் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் பீங்கான் கழுவும் தொட்டி. பிறகு வெங்காயம் உரிப்பது. அப்புறம் தேத்தண்ணி ஆற்றுவது, ரொட்டி வீசுவது. கோரிங் சட்டி கடைசிப் படி. அந்தச் சட்டிக்குப் பின்னால் நிற்கிறவரைத்தான் மாஸ்டர் என்பார்கள்.

“யாரும் சொல்லித் தர மாட்டாங்க தம்பி. தட்டு எடுக்கப் போற சாக்குல நின்னு பாத்துக்கணும். ராத்திரி கடை சாத்துன பொறவு மிஞ்சுன சோத்துல போட்டுப் பழகணும். கிழிஞ்ச முட்டையெல்லாம் நாந்தான் தின்னேன்.”

அப்படிக் கற்றவரின் முன்னங்கைகளில் எண்ணெய் தெறித்த தழும்புகள் முழங்கை வரை இருக்கின்றன. வலது தோள் முழுதாக உயராது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. அனுப்பிய பணத்தில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது, இந்த வீட்டுக்குக் காரைத் தளம் வந்தது. பிள்ளைகள் வளர்ந்ததை அவர் தொலைபேசியில்தான் கேட்டார். 2018-இல் மலேசியாவில் உணவகச் சமையலுக்கு உள்நாட்டவரை மட்டுமே வைக்க வேண்டும் என்ற யோசனை அரசுத் தரப்பில் எழுந்து, எதிர்ப்பு வந்ததும் கைவிடப்பட்டது. ஒரு அறிவிப்பில் இப்படிப்பட்டவர்களின் பிழைப்பு எவ்வளவு எளிதாக ஆடிப்போகும் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின.

இப்போது அவருக்குத் துணையாக மருமகன் நிற்கிறார், தங்கை மகன். வெங்காயம் நறுக்குவதில் கை ஓடுகிறது. முட்டை அடையும் சரியாகவே வருகிறது. சோற்றின் சத்தம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார், சவூதிக்குப் போகும் எண்ணம். “போவட்டும். கையில தொழில் இருந்தா எங்க போனாலும் பீங்கான் கழுவ வேண்டாம்” என்றார் நானா. மாமன் தொட்டியில் தொடங்கினார், மருமகன் சட்டியிலிருந்து தொடங்குவார். ஒரு தலைமுறையில் கிடைத்த முன்னேற்றம் அதுதான். அது பள்ளிக்கூடத்தில் கிடைத்ததல்ல, இந்தத் தகரக் கூரையின் கீழ் கிடைத்தது.

தஞ்சாவூர் வீணைக்கும் தலையாட்டி பொம்மைக்கும் ஓவியத்துக்கும் கலைத்தட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அவற்றைச் செய்கிறவர்களைக் கைவினைஞர் என்று மதிக்கக் கற்றுக்கொண்டோம். அடுப்படியில் நிற்கிறவரைப் பிழைப்புக்காகச் சமைப்பவர் என்று மட்டும் எண்ணி நகர்ந்துவிடுகிறோம். மரத்தைத் தட்டி ஓசை பார்க்கும் வீணை ஆசாரியின் காதுக்கும், சோற்றின் ஈரம் வற்றுவதைக் கேட்கும் இவருடைய காதுக்கும் நான் ஏற்றத்தாழ்வு காணவில்லை. இரண்டும் பல்லாண்டு பழகி வந்தவை. இரண்டும் எழுதி வைக்கப்படாவிட்டால் ஆளோடு போய்விடும்.

திருச்சி துவாக்குடியில் அரசு உணவக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் ஊர்களில் ஊர் திரும்பிய இப்படிப்பட்ட மாஸ்டர்களைத் தேடி, உரிய ஊதியத்தோடு அங்கே பாடம் நடத்த அழைக்கலாம். சோறு ஆறவைக்கும் முறையையும் முட்டை அடை வார்க்கும் முறையையும் படம்பிடித்து ஆவணமாக்கலாம். கடல் தாண்டிப் போகும் இளைஞர்களுக்கு இந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் கொடுத்தால், அங்கே அவர்கள் கேட்கும் சம்பளத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. நானாவின் தோள் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் வயதை ஒத்தவர்கள் இந்த ஊரில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சட்டி பிடிக்கும் வலுவோடு இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கியாக வேண்டும்.