மேல்காற்றும் மின்விசிறியும்: விளாத்திகுளம் வழியே ஒரு பயணம்

கோவில்பட்டியிலிருந்து கீழக்கரைக்குச் செல்ல எண்ணும் வாசக நேயர்களுக்கு எட்டயபுரம், விளாத்திகுளம், வேம்பார், சாயல்குடி என்று கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் பாதையொன்று உண்டு. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடங்கியிருப்பதும், 1882இல் பாரதியார் பிறந்ததும் எட்டயபுரத்தில்தான். அங்கே சற்று நேரம் இறங்கி நின்று செல்வது நன்று. மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையைக் கடந்துவிட்டால் இருமருங்கும் கரிசல் நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்.

ஆனி, ஆடி மாதங்களில் இந்நிலம் வெறுமையாய்ப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்தால் அதே மண் களியாகிச் சக்கரத்தை விடாது பற்றிக்கொள்ளும். தை, மாசியில் உளுந்தையும் கம்பையும் தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவர். போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். கூலியில்லாத வேலை! ஆனால் அப்போது பறக்கும் உமியும் தூசும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து இச்சமவெளியில் மாதக்கணக்கில் வீசுகிறது. கயத்தாற்றில் காற்றாலைகள் வரிசை வரிசையாய் நிற்பது அதனால்தான். கிழக்கே செல்பவருக்கு இம்மேல்காற்று முதுகில் தள்ளும் காற்று. பயணிக்கு அது சுகம். வாகனத்தின் ரேடியேட்டருக்கோ சோதனை. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டியின் பின்னால் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், முகப்பில் வந்து மோதுவது 10 கிலோமீட்டர் காற்று மட்டுமே. மற்ற இடங்களில் ஓட்டமே எஞ்சினைக் குளிர்விக்கும். இங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது.

எனது மச்சானின் வாகனம் 2005ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. 1984இல் மாருதி வேன் என்று வெளிவந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்று, 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அதே வண்டி. 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால், சூடேறினால் முள்ளைப் பார்க்குமுன் ஓட்டுநரின் உடம்பு அறிந்துகொள்ளும்! காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கித்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். இரண்டு ஆண்டுகளில் இரண்டு ஃபேன் மோட்டார்கள் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் போனால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார். போட்டால் புதிய ஆம்னி கிடைக்காது. வேறு புதுவண்டி வாங்கும் வசதியும் அவருக்கில்லை.

கீழக்கரையில் ஒரு நிக்காஹ். ரத்தக்கொதிப்புள்ள மாமியும், கைக்குழந்தையோடு மருமகளும் பின்னிருக்கையில். விளாத்திகுளம் கடைவீதியில் ஒரு பேருந்தின் பின்னே ஊர்ந்தபோது முள் சிவப்பைத் தொட்டது. விசிறி சுழலவில்லை. வண்டியை நிழலில் நிறுத்தி, பெண்களை அருகிலிருந்த வீட்டுத் திண்ணையில் அமர்த்திவிட்டு, கடைவீதியை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் முறையிட்டோம்.

"அண்ணாச்சி, மூணாவது மோட்டாரும் போச்சு. வேற ஒண்ணு போட்டு விடுங்க" என்றார் மச்சான்.

"மோட்டாரை மாத்துறது பெரிய காரியமில்லே பாய். அது ஏன் நிக்குதுன்னு முதல்ல பாப்போம்" என்றார் அந்த எலக்ட்ரீஷியன்.

அவர் செய்த முதல் காரியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். மோட்டாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களை நேரே கொடுத்தார். செத்துப்போனதாகக் கருதிய விசிறி இரைச்சலோடு சுழன்றது! மீண்டும் கப்ளரில் மாட்டி அசைத்தபோது சோம்பலாய்ச் சுற்றியது. அந்நிலையிலேயே மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 14 வோல்ட்; மோட்டாரின் வாயிலில் 9 மட்டும். வழியில் தொலைந்த ஐந்தில் மூன்று வோல்ட், பாடியில் எர்த் முறுக்கியிருந்த போல்ட்டில் போயிருந்தது. கரிசல் சேறு அப்பி, காய்ந்து, மீண்டும் நனைந்து அவ்விடம் துருவேறிக் கிடந்தது. எஞ்சிய இரண்டும் கருகி இளகிய கப்ளரிலும், முன்னர் யாரோ ரிலேயை நீக்கிவிட்டு இழுத்திருந்த மெல்லிய வயரிலும். விசிறி ஓடும்போது ஒரு பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தாலே பழுது என்று கொள்ளவேண்டுமாம். விசிறி ஓடாதபோது அளந்தால் இக்குறை தெரியாது என்பதும் கவனிக்கத்தக்கது.

சங்கிலி இப்படித்தான் கோத்திருந்தது: மின்சாரம் குறைந்ததால் விசிறி மெதுவாய்ச் சுற்றியது, மெதுவாய்ச் சுற்றியதால் எஞ்சின் ஆறவில்லை, ஆறாததால் வெப்பச் சுவிட்சு அணையவேயில்லை, ஓய்வின்றி ஓடிய மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்தன. பழைய மோட்டார்கள் இரண்டும் பின்னிருக்கைக்கு அடியில் கிடந்தன. முதலாவதைத் திறந்தபோது பிரஷ்கள் அடிக்கட்டையாய் நின்றன. இரண்டாவதோ, நேரே மின்சாரம் கொடுத்ததும் ஓடியது. குற்றமற்ற அதைக் கழற்றி வைத்ததற்கும் மச்சான் பணம் கொடுத்திருக்கிறார்!

பிறகு டார்ச் விளக்கை ரேடியேட்டரின் பின்னே பிடித்து முன்னால் வந்து பார்க்கச் சொன்னார். வெளிச்சம் பாதிக்கு மேல் தெரியவில்லை. தகடுகளுக்கிடையே உமியும் பஞ்சும் செம்மையாய் அடைத்திருந்தன. சாலைக் களங்களின் உமி சேர்ந்த இடம் இதுதான். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக, அழுத்தம் குறைந்த நீரால் கழுவினார். வேகமாய் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அடுத்து, "எந்தத் தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார். முன்னாள் உரிமையாளர் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றிவந்தார் என்று மச்சான் சொன்னதும் தலையசைத்தார். இவ்வட்டாரத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. ரேடியேட்டர்க் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். வடித்த நீரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றச் சொன்னார். எஞ்சின் நன்கு ஆறும்வரை மூடியை அவர் தொடவேயில்லை. கொதிக்கும்போது மூடியைத் திறந்தால் முகமே வெந்துபோகும். பெண்களும் பிள்ளைகளும் வண்டியோட்டும் இல்லங்களில் இதை அவசியம் சொல்லிவைக்கவேண்டும்.

துருவைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவிட்டு, எர்த்துக்குப் புதிய வயரைப் பேட்டரிவரை இழுத்தார். ரிலேயும் உரிய அளவு ஃப்யூஸும் புதிய கப்ளரும் மாட்டினார். மீட்டர் 13.6 காட்டியது. அதற்குள் லுஹர் நேரம் ஆகியிருந்தது. ஊர்ப் பள்ளிவாசலில் தொழுது வந்தோம். புது மோட்டார் எதுவும் வாங்கவேண்டியிருக்கவில்லை. வேம்பாரில் கடல் தெரிந்தபோது முள் பாதியில் நின்றது. கழற்றிய இரண்டாவது மோட்டாரை மச்சான் ஒரு துணியில் சுற்றி, அவசரத்துக்கென்று மீண்டும் பின்னிருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.