விசில்

உங்கள் முகத்துக்கு ஒரு சின்னப் பரீட்சை. புருவத்தைத் தூக்குங்கள். கண்களை இறுக்க மூடுங்கள். கன்னத்தை உப்பிக்கொள்ளுங்கள். பல்லெல்லாம் தெரிய 'ஈ' என்று இளியுங்கள். கீழ் உதட்டைப் பிதுக்குங்கள். (ஆபீஸில் இருந்தால் வேண்டாம். மேனேஜர் தப்பாக எடுத்துக்கொள்வார்.) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்ததா? பாஸ்!

ஒவ்வொரு பக்கத்திலும் இத்தனை வேலையையும் பார்ப்பது ஒரே ஒரு நரம்பு. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடியில் ஏழாவது. காதுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வந்து, காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்து கிளையாகப் பிரிகிறது. திண்டிவனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சென்னையிலிருந்து வருகிற ரோடு அங்கேதானே விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி, வந்தவாசி, மரக்காணம் என்று பிரிகிறது? ஜங்ஷனில் அடைத்தால் அஞ்சு ஊருக்கும் பஸ் கிடையாது.

என் சித்தி பையன் அந்த ரூட்டில்தான் கண்டக்டர். தனியார் பஸ். சில வருஷங்களுக்கு முன்னால் கூட்டேரிப்பட்டு பக்கம் முன்னே போன லாரி திடீரென்று பிரேக் போட, முன்படியில் நின்றிருந்தவனின் இடது கன்னத்தைக் கண்ணாடி கிழித்துவிட்டது. காதோரத்திலிருந்து கன்னத்து நடு வரைக்கும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பதினாலு தையல். டெய்லர் தோற்றார், அவ்வளவு அழகு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை: "எங்கே, கண்ணை மூடுப்பா பார்க்கலாம்."

கட்டுப் பிரித்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. முகம் ஒட்டவில்லை. இடது கண் மூட மறுத்தது. காபி குடித்தால் ஓரமாக வழிந்தது. எல்லாவற்றையும் விட, விசில் வரவில்லை. "உதடு குவிய மாட்டேங்குதுண்ணே. ஊதினா காத்து பொஸ்ஸுன்னு போவுது" என்றான் போனில். விசில் ஊத முடியாத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். நாலு வயசுப் பெண் "அப்பாவுக்கு ஏன் எம்மேல கோவம்?" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், பாவம். வலது பக்கம் மட்டும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். "காத்து பட்டிருக்கு, தானா சரியாயிடும்." "புறா ரத்தம் தடவு." முதலில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் பெல் 1821-ல் இந்த நரம்பைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் வழங்கும் 'பெல்ஸ் பால்ஸி' என்கிற முகவாதத்தில் நரம்பு வீங்கித்தான் போகிறது, அறுவதில்லை. சீக்கிரம் டாக்டரிடம் போய் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் கண்ணாடி அறுத்த நரம்புக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கடைக்கண்ணிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மூக்குப் பக்கம் அறுந்தால் சின்னக் கிளைகள், தானாகவே சரியாக வாய்ப்புண்டு. காதுப் பக்கம் அறுந்தால் தேடிப் பிடித்துத் தைத்தே ஆக வேண்டும்.

அதுவும் சீக்கிரம். அறுந்த நரம்பின் முகத்துப் பக்கத்துத் துண்டு சுமார் மூன்று நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் லேசாக மின்சாரம் கொடுத்தால் தசை துடிக்கும். 'நான் இங்கே இருக்கேன்' என்று முனை காட்டிக்கொடுக்கும். மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் இரண்டு முனையையும் சேர்த்துவிடலாம். என் தம்பி புதுச்சேரியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தது மூன்று வாரம் கழித்து. முனைகள் விலகிப் போயிருந்தன. கெண்டைக்காலில் இருந்து ஒரு நரம்பை எடுத்து நடுவில் ஒட்டுப் போட்டார்கள். அதற்கு விலை, பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்த இடம்.

"எப்ப சார் சரியாகும்?" என்று கேட்டதற்கு டாக்டர் சொன்ன பதில்: "ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்." நரம்பு வளர்கிற வேகம் அதுதான். பி.காம். படித்த எனக்கு உடனே ரெக்கரிங் டெபாசிட் ஞாபகம் வந்தது. பத்து சென்டிமீட்டருக்கு நூறு நாள். நடுவில் ஒட்டுப் போட்ட இரண்டு இடமும் டோல்கேட் மாதிரி, அங்கே கொஞ்சம் நிற்கும். தசையும் ஒன்றரை, ரெண்டு வருஷம்தான் காத்திருக்கும். அப்புறம் அது கணக்கை மூடிவிடும்.

அதுவரை கண்ணைக் காப்பாற்ற வேண்டும். மூடாத கண் காய்ந்து, கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். பகலில் சொட்டு மருந்து, ராத்திரி இமைக்கு டேப். தொழுநோயும் இதே நரம்பைக் கெடுக்கும். வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்து உலகப் புகழ் பெற்றார். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட் அவர்களுடைய கண்களைக் கவனித்தார். மெல்லுகிற தசையில் ஒரு பட்டையை இமைக்குத் திருப்பிவிடும் ஆபரேஷன் ஒன்று உண்டு. பல்லைக் கடித்தால் கண் மூடும்! மெல்லுகிற தசைக்கு வேறு நரம்பு, ஐந்தாவது. அதனால் பிழைத்தது.

ஏழாவது மாசம் ஒரு நாள் காலையில் போன். "அண்ணே, வாயோரம் துடிச்சுதுண்ணே!" அதற்கப்புறம் கண்ணாடி முன்னால் தினமும் பயிற்சி. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, விசிலும் வந்தது. இடது நெற்றி மட்டும் இன்றைக்கும் அசையாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வளர்கிற இழைகள் சில சமயம் ரூட் மாறிப் போய்விடும். உதட்டுக்குப் போக வேண்டியது இமைக்குப் போகும். விசில் ஊதினால் இவனுக்கு இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. காலேஜ் பெண் ஒருத்தி "கண்ணா அடிக்கிற?" என்று சண்டைக்கே வந்துவிட்டாளாம். இப்போது திரும்பி நின்று ஊதுகிறான்.

பிரசவத்தில் ஆயுதம் பட்டு இதே நரம்பு கெட்டவர்தான் சில்வெஸ்டர் ஸ்டாலோன். கோணின உதடு அவருக்குக் கோடிகள் தந்தது. எல்லோருக்கும் ஹாலிவுட் கிடைக்காது.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில், இதே ரோட்டில், தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48'. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரையறுத்த தொகை வரை அரசே பணம் கட்டும். நரம்பு தருகிற 72 மணி நேரத்துக்குள் இந்த 48 அடங்கிவிடுகிறது. எனவே கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு யாரையாவது பார்த்தால், தையல் போடும் முன் நீங்களே கேளுங்கள்: "கண்ணை மூடுங்க. பல்லைக் காட்டுங்க." ஒரு பக்கம் வராவிட்டால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

விழுப்புரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் உங்களைப் பார்த்துக் கண்ணடித்தால் கோபப்படாதீர்கள். சில்லறையைச் சரியாகக் கொடுங்கள், போதும்.