டெவில்ஸ் லேக்கில் இலை பார்க்கப் போனது

விஸ்கான்சின் மாநிலத்தில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் அக்டோபர் நடுவில் போக வேண்டும். ஒரு வாரம் முந்தினால் பாதி பச்சையாகவே இருக்கும். ஒரு வாரம் பிந்தி, இடையில் ஒரு காற்றும் மழையும் அடித்துவிட்டால் எல்லாம் தரையில் கிடக்கும். அதனால் எந்தப் பகுதியில் எவ்வளவு நிறம் ஏறியிருக்கிறது என்று அங்கே இணையத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆடி மாதம் பேப்பரைப் பிரித்ததும் நாம் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்போமே, அப்படி என் மருமகள் பத்து நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் இருப்பது மேடிசன் நகரத்தில். அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா. சனி, ஞாயிறில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டான். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்கில் காப்பி எல்லாம் தயார்.

இலை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மகனுக்குப் போன வருடம் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க இனி அவனால் முடியும். "இங்கேயே இருந்துடுங்கப்பா" என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது, விமானம் தாமதமாகி, விமான நிலையத்திலேயே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் அவன். அந்த ராத்திரி அவனை விட்டுப் போகவில்லை. கிரீன் கார்டு வாங்கினால் நினைத்தபடி மன்னார்குடியில் போய் உட்கார்ந்துகொள்ள முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல். எனக்குச் சம்மதம் என்றுதான் மனதில் பட்டது. வீட்டுக்காரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பூங்கா என்றதும் நம் நகராட்சிப் பூங்காவை நினைக்க வேண்டாம். மலையும் காடும் ஏரியுமாக ஆயிரக்கணக்கான ஏக்கர். 1911-இல் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். ஏரி சுமார் 360 ஏக்கர். நம் வடுவூர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் கரையிலிருந்து செங்குத்தாக 500 அடி எழும்பி நிற்கும் பாறைக் குன்றுகள் வடுவூரில் ஏது? கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குவார்ட்சைட் பாறை, வயது 160 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஒரு காலத்தில் கடற்கரை மணலாக இருந்தது. சில பாறைகளில் அலை போன மடிப்பு இன்றும் அப்படியே பதிந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன்.

இரண்டு குன்றுகளுக்கும் நடுவே முன்பு ஆறு ஓடியிருக்கிறது. பனியுகத்தில் வந்த பனிப்பாறை, தான் உருட்டி வந்த மண்ணையும் கல்லையும் பள்ளத்தாக்கின் இரு வாயிலும் கொட்டிவிட்டுக் கரைந்துபோனது. இரு பக்கமும் அடைபட்ட பள்ளம் ஏரியானது. ஆறு வேறு வழி தேடிக்கொண்டது.

அந்த மண்ணின் பழைய குடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இது புனித ஏரி. பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் லேக் ஆக்கிவிட்டார்கள். "சாமி ஏரியைப் பேய் ஏரின்னு மாத்திட்டாங்களா? நல்லா இருக்கு போங்க" என்றாள் என் மனைவி. அன்று அவள் சொன்ன முதல் கருத்து இதுதான்.

அவளுக்கு இரண்டு முழங்காலும் தகராறு. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி நான்கு வருடமாகக் கெஞ்சியும் மசியவில்லை. ஆகவே மகன், மருமகள், பேரன் மூவரும் கிழக்குக் குன்றில் கல்படிகள் வழியாக ஏறப் போனார்கள். அதுபோன்ற படிகளையும் பாதைகளையும் அமைத்ததில், 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் அரசாங்கம் முகாம் போட்டு வேலை கொடுத்த இளைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பஞ்ச காலத்தில் நம் பக்கம் ஏரி தூர்வாரியது போலத்தான். நாங்கள் இருவரும் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எதிர்க்குன்று எரிவது போல இருந்தது. மேப்பிள் சிவப்பும் ஆரஞ்சும், ஆஸ்பென் மஞ்சள், ஓக் செம்பழுப்பு, நடுநடுவே பைன் மட்டும் எனக்கென்ன என்று பச்சை. காற்றில்லாததால் அத்தனையும் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு முறை.

நான் 31 வருடம் தாவரவியல் வாத்தியார். இலை உதிர்வதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! பகல் குறைந்து குளிர் ஏறும்போது பச்சையம் சிதைகிறது. மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடை முழுக்க இலைக்குள்ளேதான் இருந்தது, பச்சை விலகியதும் தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. அந்த ஆந்தோசயனின் பெரும்பாலும் கடைசி நாட்களில்தான், இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாகிறது. உதிரப்போகும் இலைக்கு எதற்கு இந்தச் செலவு என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். காம்பின் அடியில் மரமே ஓர் அடுக்கை உண்டாக்கி இலையைக் கழற்றிவிடுகிறது. பிடுங்கிப் போட்டால் காயம். இப்படி விழுந்தால் தழும்பு மட்டும்தான்.

கேட்காமலே இத்தனையும் மனைவிக்குச் சொன்னேன். வாத்தியார் புத்தி.

"சத்தையெல்லாம் உருவிக்கிட்டுத்தான் விடுதா?"

"தழைச்சத்து, மணிச்சத்துல பெரும்பகுதியை எடுத்துக்கும்."

"நம்ம கொல்லையில இருக்கிற வாதாமரமும் அப்படித்தானா?"

அதுவும்தான் என்றேன். நம் ஊரில் அவ்வளவு சிவந்து உதிர்கிற மரம் வேறு எது? தை, மாசியில் கொல்லை முழுக்க சிவப்பாகக் கிடக்கும்.

கிழக்குக் கரையோரம் சரக்கு ரயில் ஒன்று நீளமாகப் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாசியில அந்த இலையை யாரு கூட்டுவாங்க?"

நான் அவளைப் பார்த்தேன்.

"எனக்கு இங்க ஒரு குறையும் இல்லீங்க. மருமக தங்கம். ஆனா சாயங்காலம் வாசல்ல நின்னா 'வாத்தியார் வீட்டம்மா, காப்பி ஆச்சா'ன்னு கேக்க இங்க யாரு இருக்கா? பிள்ளை முகத்தைப் பாத்தா வேண்டாம்னு சொல்ல வாய் வரல. நீங்களும் சரின்னு முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் பேசல."

காப்பியை மூடியில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். பேரனுக்குத் தமிழ் எழுத்து பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், உயிர்மெய் வரிசை இன்னும் பாக்கி. அது மனதில் வந்து போனது. சொல்லவில்லை.

பேரன் இறங்கி வரும்போது சட்டைப் பை நிறைய இலை. நல்லதாக ஒரு மேப்பிள் இலையைப் பாட்டியிடம் கொடுத்தான். அவள் அதைக் கந்தர் சஷ்டி கவசப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பையன் தூங்கிவிட்டான். பாராபூ ஊரைத் தாண்டியதும் சொன்னேன். "தம்பி, அந்த ஃபாரம் இப்ப வேண்டாம்பா. பிப்ரவரி டிக்கெட் இருக்கே, அதுலயே கிளம்பறோம்."

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மருமகள் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டாள். இரு பக்கமும் அறுவடைக்குக் காய்ந்து நின்ற மக்காச்சோளக் கொல்லைகள். பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

"நெஞ்சு வலின்னா ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே போன் பண்ணணும்" என்றான். குரல் கம்மியிருந்தது. "இந்தத் தடவை மாதிரி மறைச்சீங்கன்னா நான் வந்து ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு வந்துடுவேன்."

"சரிப்பா."

"அடுத்த வருஷமும் செப்டம்பர்லயே வாங்க. அம்மா இன்னிக்கு மேல வரவே இல்ல. மேலேர்ந்து பாத்தாத்தான் ஏரி முழுசும் தெரியும்."

பின் சீட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "ஊருக்குப் போனதும் அந்த ஆபரேஷனை முடிச்சிட்டு வர்றேன்டா."